முப்பது என்று சொல்லாமல் விட்டேன்

சட்டம் தடுக்காத ஒன்றை, சட்டம் தடுக்கிறது என்று பொய் சொல்லி நான் தடுத்தேன். அதே சட்டம் உண்மையிலேயே தடுத்திருந்த ஒன்றைச் செய்து காசு பார்த்தேன். இரண்டையும் மரக்காணம் உப்பளத்தை நம்பிப் பிழைக்கிறவர்களிடம்தான் செய்தேன். பெயர் கெட்டுப்போகுமே என்று இதை எழுதாமல் தள்ளிப்போட்டு வந்ததும் அந்தக் குற்றத்தில் சேர்த்திதான்.

நான் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்துக்காரன். அப்பா கடலுக்குப் போனவர். திண்டிவனத்தில் பி.எஸ்சி. வேதியியல் முடித்தேன். சென்னையில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பினேன். உப்பை வாங்கி அரைத்துப் பாக்கெட் போடுகிற சிறு ஆட்களுக்கு உரிமத்துக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது, சாம்பிளை லேபுக்கு அனுப்புவது, வந்த ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்வது, லேபிளில் என்னென்ன அச்சடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது: இதுதான் என் பிழைப்பு. பேப்பர் வேலை என்பார்கள்.

என் மேசையில் ஐ.எஸ். 7224 இருந்தது. அயோடின் கலந்த உப்புக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம், அதாவது பி.ஐ.எஸ்., வெளியிட்ட தரம் அது. கூடவே சாதாரணச் சமையல் உப்புக்கான ஐ.எஸ். 253. இரண்டும் சேர்ந்தாலும் ஒரு பள்ளிக்கூட நோட்டுக்கு வராது. சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கியவை. அவற்றைக் கண்ணாடி அலமாரியில், வருகிறவர் பார்வையில் படுகிற மாதிரி வைத்திருந்தேன். பார்க்கலாம், தொட முடியாது.

2019இல், பொங்கல் கழிந்து பாத்தி கட்டும் வேலை தொடங்கியிருந்த சமயம், ஓர் அக்கா வந்தார். பெயர் வேண்டாம். பாத்தியிலிருந்து வாரிய உப்பைத் தலையில் சுமந்து மேட்டில் கொட்டும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். அவருடைய மகளிர் குழு ஒரு கடன் வாங்கி, அரைக்கிற மெஷின் ஒன்றை செகண்ட்ஹேண்டில் எடுத்திருந்தது. அடுத்தவர் பாக்கெட்டுக்குச் சுமந்தது போதும், நம் பாக்கெட் போடலாம் என்ற எண்ணம். உரிமத்துக்கான பேப்பரை நான்தான் முடித்துக் கொடுத்தேன். அதற்கான கூலியும் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு அவர் வந்தது வேறு விஷயமாக.

“தம்பி, பாக்கெட்ல பதினஞ்சு பிபிஎம்னு போட்டிருக்கான். அதுக்கு டன்னுக்கு எவ்ளோ மருந்து போடணும்? அந்தப் புஸ்தகத்துல இருக்குமே, கொஞ்சம் காட்டேன்.”

நான் அலமாரிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. “அது கவர்மென்ட் புஸ்தகம்க்கா. காப்பிரைட் இருக்கு. காட்டினாலே கேசு. மூணு வருஷம் உள்ள தள்ளிடுவாங்க. பயிற்சிக்கு வாங்க, எல்லாம் சொல்லித்தரேன்” என்றேன். பயிற்சிக்கு நான் ஒரு கட்டணம் வைத்திருந்தேன். குழுவின் பணமெல்லாம் மெஷினில் போய்விட்டது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

அவருக்குத் தெரியவேண்டியிருந்தது ஒரே ஓர் எண். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி அயோடின் உப்புக்கு இரண்டு அளவுகள் இருந்தன. தயாரிக்கும் இடத்தில் 30 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்துக்கு 30 பங்குக்கு, குறையக் கூடாது. கடைவரை போய்ச் சேரும்போது 15க்குக் குறையக் கூடாது. நடுவில் இருக்கும் பாதி, வழியில் போகக்கூடியதற்கான இடம். நம் கடற்கரை உப்பில் மக்னீசியம் ஒட்டிக்கொண்டிருக்கும், காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மூட்டை கசியும். கசிவோடு அயோடினும் இறங்கிப்போகும். தார்ப்பாயில் உப்பைப் பரப்பி, கை ஸ்பிரேயரால் கரைசலை அடித்து, மண்வெட்டியால் புரட்டிக் கலக்கிறவர்களுக்கு எல்லாப் பக்கமும் ஒரே அளவாய் விழவும் விழாது. அதனால்தான் 30இல் தொடங்கச் சொன்னார்கள். கணக்காகச் சொன்னால், 30 பிபிஎம்முக்கு ஒரு டன் உப்பில் ஏறக்குறைய 51 கிராம் பொட்டாசியம் அயோடேட் சேரவேண்டும். 15க்கு அதில் பாதி, 25 கிராம்தான்.

அக்கா 25 கிராம் போட்டார். பாக்கெட்டில் பார்த்த எண்ணுக்கு யாரிடமோ கணக்குப் போட்டு வாங்கியிருக்கிறார். கணக்கில் பிழையில்லை. தொடங்க வேண்டிய எண்தான் வேறு, அதைத் தெரிந்த ஆள் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

திண்டிவனத்தில் சரக்கு எடுத்த வியாபாரியின் கடையில் சாம்பிள் எடுத்தார்கள். அயோடின் குறைவு என்று ரிப்போர்ட் வந்தது. வியாபாரி மிச்ச மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, இனி வேண்டாம் என்றுவிட்டார். குழு கலைந்தது. மெஷினை வந்த விலைக்குத் தள்ளினார்கள், கடன் மிச்சம் நின்றது. அக்கா மறுபடியும் உப்புச் சுமக்கப் போனார். குழுவில் இருந்த இன்னொரு பெண் சொல்லித்தான் எனக்கு முழுக்கத் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் முப்பது என்று சொல்ல வேண்டிவரும், அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். அந்தப் பயம்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். நான் அவர் முன்னால் நிறுத்திய பூச்சாண்டி அதுதானே.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63ஆம் பிரிவு, வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறினால் ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டுவரை சிறை என்கிறது. நான் சொன்ன மூணு வருஷம் இதிலிருந்து எடுத்தது. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவை நான் சொல்லவில்லை. எதெல்லாம் மீறல் ஆகாது என்று நீளமாக அடுக்கும் பிரிவு அது. சொந்த உபயோகத்துக்கு, ஆராய்ச்சிக்கு நியாயமான அளவில் எடுத்தாள்வது மீறல் இல்லை. அரசிதழில் வெளியானதை எடுத்து அச்சிடுவதும், சட்டமன்றச் சட்டம் ஒன்று போக, மீறல் இல்லை. 30, 15 என்ற எண்கள் 2011இல் இந்திய அரசிதழில் வந்த அந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலேயே இருந்தன. சோடியம் குளோரைடு 96 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, தண்ணீரில் கரையாத கசடு 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதும் அதே இடத்தில். கடைத்தெருவில் போஸ்டர் அடித்து ஒட்டியிருந்தாலும் என்னை யாரும் கேட்டிருக்க முடியாது.

சரி, அது அரசிதழ். பி.ஐ.எஸ். புத்தகம்? 2016ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டம் 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தரங்களின் பதிப்புரிமை அமைவனத்துக்கே என்று அது 10ஆம் பிரிவில் அழுத்தமாகச் சொல்கிறது. அனுமதியில்லாமல் தரத்தையோ அதன் ஒரு பகுதியையோ வெளியிடக் கூடாது, நகலெடுக்கக் கூடாது என்கிறது 11ஆம் பிரிவு. ஆனால் அதே பிரிவிலேயே, ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்வதை இது தடுக்காது என்று ஒரு விலக்கும் இருக்கிறது. அக்கா பிரதிகூடக் கேட்கவில்லை. காட்டு என்றார். நான் வாங்கிய புத்தகத்தை இன்னொருவர் என் மேசையில் உட்கார்ந்து படிப்பதைத் தடுக்க இந்த நாட்டில் எந்தப் பிரிவும் கிடையாது.

இதையெல்லாம் விட எளிய வழி ஒன்று இருந்தது. வாயால் சொல்லியிருக்கலாம். பதிப்புரிமை, எழுதப்பட்ட விதத்துக்குத்தான். அதற்குள் இருக்கும் எண்ணத்துக்கோ தகவலுக்கோ கிடையாது. ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடகாசிரியர், தம் நாடகத்தைத் திருடிப் படமெடுத்துவிட்டார்கள் என்று தொடுத்த வழக்கில், 1978லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. முப்பது என்ற எண் யாருக்கும் சொந்தமில்லை. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அக்காவுக்கு விளங்கியிருக்கும்.

எனக்கு இது தெரியாமல் போனதல்ல. பரிசோதனைக் கூடத்தில் இருந்தபோதே 52ஆம் பிரிவைப் படித்திருக்கிறேன். ஆகவே அறியாமை என்று ஒதுங்க எனக்கு இடமில்லை.

இனி அடுத்த பாதி. சொல்லக் கூசுவது இதற்குத்தான்.

பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு ஒரு கையேடு விற்றேன். ஸ்பைரல் போட்ட புத்தகம். அதில் பாதிக்கு மேல் பி.ஐ.எஸ். தரங்களிலிருந்து வரி மாறாமல், அட்டவணை மாறாமல் தட்டச்சு செய்தது. எங்கிருந்து எடுத்தேன் என்று எங்கேயும் போடவில்லை. அட்டையில் என் பெயர். பின்னட்டையில், இதை நகலெடுப்பது தண்டனைக்குரியது என்ற வாசகம். 11ஆம் பிரிவு எதைத் தடுக்கிறதோ, அச்சாக அதையேதான் செய்திருந்தேன். அனுமதி கேட்டு ஒரு கடிதம்கூட எழுதவில்லை. தரங்களுக்கு அவ்வப்போது திருத்தம் வரும். வந்ததா என்று பார்த்து மாற்றவும் மெனக்கெடவில்லை. அடித்து வைத்த கட்டு தீரும்வரை பழையதையே கொடுத்தேன். காசு கொடுத்தவர்களுக்கும் நான் நேர்மையாக இல்லை.

அந்தக் கையேட்டில் உருப்படியாக இருந்த ஒரு பக்கத்தை இங்கே என் வார்த்தையிலேயே சொல்லிவிடுகிறேன். உப்பில் அயோடின் எவ்வளவு என்று அளக்கும் முறை. பத்து கிராம் உப்பைத் தண்ணீரில் கரைக்கவேண்டும். கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலம், கொஞ்சம் பொட்டாசியம் அயோடைடு. குடுவையை மூடிப் பத்து நிமிடம் இருட்டில் வைத்தால், உப்பிலிருந்த அயோடேட் அயோடினாக விடுபட்டுத் தண்ணீர் மஞ்சளாகும். பியூரெட்டிலிருந்து சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட, மஞ்சள் வெளுத்துக்கொண்டே வரும். முக்கால்வாசி வெளுத்ததும் கஞ்சித் தண்ணீர் மாதிரியான ஸ்டார்ச் கரைசலைச் சேர்த்தால் ஒரே நொடியில் கருநீலம். இன்னும் சில சொட்டில் அந்த நீலமும் போய்க் கண்ணாடி மாதிரித் தெளியும். அங்கே நிறுத்திவிட்டு எத்தனை மில்லி செலவானது என்று பார்க்கவேண்டும். தயோசல்பேட் 0.005 நார்மல் என்றால், அந்த மில்லியை 10.58ஆல் பெருக்கினால் பிபிஎம். ஏறக்குறைய மூன்று மில்லி வந்தால் முப்பது. பன்னிரண்டாம் வகுப்பில் டைட்ரேஷன் செய்த பிள்ளை அரைமணி நேரத்தில் செய்துவிடும். அந்தக் குழுப் பெண்களின் வீடுகளில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். கலந்த உப்பை இப்படி ஒரு முறை பார்த்திருந்தால், மூட்டை கட்டுவதற்கு முன்பே குறை தெரிந்திருக்கும்.

2023 மே மாதம் எங்கள் ஊர்ப் பெயர் தமிழ்நாடு முழுக்கச் செய்தியில் வந்தது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து எங்கள் பகுதியில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மருத்துவமனையில் கிடந்தவர்கள் அதைவிட அதிகம். வேதியியல் படித்தவன் என்பதால் ஊரில் என்னைத்தான் கேட்டார்கள். அது என்ன, எப்படிக் கொல்கிறது, ஏன் கண் போகிறது, பார்த்தால் தெரியுமா, மோந்தால் தெரியுமா? தெருவில் உட்கார்ந்து விளக்கினேன். நிறத்திலும் வாசனையிலும் சாராயத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது என்றேன். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது, அது கண் நரம்பைத் தின்கிறது என்றேன். குடித்தவர் நன்றாகத்தானே இருக்கிறார் என்று விட்டுவிடாதீர்கள், விஷம் வேலை செய்ய மணிக்கணக்கு ஆகும் என்றேன். கேட்டவர்களில் பலர் அப்போதுதான் பிணத்தை எடுத்துவிட்டு வந்தவர்கள்.

வீட்டுக்குத் திரும்பிப் படுத்தபோதுதான் அக்காவின் முகம் வந்தது. மெத்தனாலுக்கும் பி.ஐ.எஸ். தரம் உண்டு, ஐ.எஸ். 517. அதுவும் பதிப்புரிமை உள்ள புத்தகம்தான். இன்றைக்கு அதைப் பற்றியெல்லாம் பேசும்போது கேசு, ஜெயில் என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லையே. உப்புக்கு மட்டும் ஏன் வந்தது? மெத்தனாலில் எனக்கு வருமானம் இல்லை. உப்பில் இருந்தது. அவ்வளவுதான் விஷயம். சட்டத்துக்குப் பயந்தவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தது அன்றோடு போயிற்று.

தரங்களைப் பூட்டி வைப்பது பற்றி உலகம் முழுக்கப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. கார்ல் மலமூட் என்ற அமெரிக்கர் பத்தொன்பதாயிரத்துக்குச் சற்று முன்பின்னான இந்தியத் தரங்களை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று இணையத்தில் ஏற்றினார். பி.ஐ.எஸ். ஆட்சேபித்தது. 2015இல் அவரும், தீர்ப்புகளைத் தேடிப் படிக்க உதவும் இந்தியன் கானூன் தளத்தை உருவாக்கிய சுஷாந்த் சின்ஹாவும், ஸ்ரீநிவாஸ் கோடாலியும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனுப் போட்டார்கள். பாலம், மின்கம்பி, குழந்தைக்கான பால்மாவு வரை உயிரோடு தொடர்புள்ள விதிகள் குடிமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அமெரிக்காவில் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, சட்டத்துக்குள் சேர்க்கப்பட்ட தரங்களை லாப நோக்கமில்லாமல் வெளியிடுவது நியாயமான பயன்பாடு என்று சொன்னது. 2024 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றமும், பொம்மைகளின் பாதுகாப்புத் தரங்களைப் பற்றிய வழக்கில், அவற்றை மக்கள் பார்ப்பதில் மேலான பொதுநலன் உண்டு என்று தீர்ப்புக் கொடுத்தது.

தரங்களை எழுதுகிறவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். குழு கூடி, பரிசோதித்து, கருத்துக் கேட்டு, அச்சிடச் செலவாகிறது. விற்பனையில்தான் அந்தச் செலவில் ஒரு பங்கு வந்தது. கண்டவரும் மாற்றி அச்சிட்டு, இதுதான் தரம் என்று விற்றால், எது அசல் என்று தெரியாமல் போய்விடும். பதிப்புரிமைக்கு இந்த ஒரு காரணமே போதும் என்று நினைக்கிறேன். என் கையேடே அதற்குச் சாட்சி.

ஆனால் அந்த அக்காவின் நிலையை யோசித்துப் பார்க்கிறேன். 2006லிருந்து இந்த நாட்டில் அயோடின் கலக்காத உப்பை நேரடியாக உண்பதற்கு விற்கத் தடை. முன்கழுத்துக் கழலை வரக் கூடாது, பிறக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சி கெடக் கூடாது என்பதற்கான விதி. நல்ல விதி. அதற்குக் கட்டுப்பட வேண்டியவர் அவர். தவறினால் சரக்கை இழக்கிறவர் அவர். கட்டுப்படுத்துகிற விதியின் எண் என்ன என்று கேட்டவரை, அது ரகசியம் என்று சொல்லி அனுப்பினேன். டெல்லியில் பூட்டு இருந்ததா இல்லையா என்பது பெரியவர்களின் வழக்கு. எக்கியார்குப்பத்தில் பூட்டு நானாகத்தான் இருந்தேன்.

பி.ஐ.எஸ். தன் இந்தியத் தரங்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ள இப்போது வழி செய்திருக்கிறது. வெளிநாட்டு அமைப்புகளின் தரங்களைத் தழுவியவை மட்டும் இதில் சேராது. பதிப்புரிமை விட்டுப்போகவில்லை, ஆளுக்கொரு பிரதியைத் தம் பெயரில் பதிவு செய்து எடுத்துக்கொள்ளலாம், பிரதி எடுத்து விற்கக் கூடாது. செய்தி தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி இல்லை, பிழைப்புப் போச்சே என்ற எரிச்சல். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

மெத்தனால் சாவுகள் நடந்த அந்த ஆண்டு மழைக்காலத்தில், உப்பளத்தில் வேலையில்லாத நாளாகப் பார்த்து அக்கா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். “முப்பதுன்னு ஒரு வார்த்தை. அதுக்கா தம்பி ஜெயிலு கியிலுன்னு பயமுறுத்தின?” என்றார். மன்னிப்புக் கேட்டேன். “நான் மன்னிச்சா கடன் அடைஞ்சிருமா” என்றார். குழுக் கடனில் மிச்சம் இருந்ததில் என் பங்காக ஒரு தொகையைக் கொடுக்கிறேன் என்றேன். குழுப் பெண்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அவர்கள் கூடிப் பேசி வாங்கிக்கொண்டார்கள். மறுபடி பாக்கெட் போடலாமா என்று நான் கேட்டதற்கு அவர்களில் யாரும் பதில் சொல்லவில்லை.

கையேட்டு விற்பனையை நிறுத்திவிட்டேன். மிச்சம் இருந்த பிரதிகளைக் கிழித்துப் போட்டேன். பி.ஐ.எஸ்.ஸுக்கு நடந்ததைச் சொல்லி ஒரு கடிதமும் அனுப்பியிருக்கிறேன். அவர்கள் என்ன நடவடிக்கை எடுத்தாலும் நான் மறுக்கப்போவதில்லை. உப்புப் பாக்கெட் போடுகிறவர்கள் யாராவது வந்து தரம் என்ன என்று கேட்டால், அவர்கள் போனிலேயே, அவர்கள் பெயரிலேயே பதிவு செய்து இறக்கிக் கொடுக்கிறேன். இங்கிலீஷ் படிக்க வராதவர்களுக்கு என் வார்த்தையில் தமிழில் சொல்கிறேன். அதற்குக் காசு வாங்குவதில்லை. விண்ணப்பம், ரிப்போர்ட், லேபிள் வேலைகளுக்கு மட்டும் வாங்குகிறேன்.

மரக்காணம், செய்யூர்ப் பக்கத்தில் என்னிடம் அந்த ஸ்பைரல் கையேட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் இதைப் படித்தால், அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கையேடு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, வாங்கியதாகச் சொன்னால் போதும். அதில் இருக்கும் அளவுகளை வைத்து இப்போதும் யாராவது உப்புக் கலந்துகொண்டிருந்தால், முதலில் அதை நிறுத்திவிட்டுப் புதிய தரத்தைப் பாருங்கள்.